ஜீப்பில் ஏறிய 106: டாங்கி விளையாட்டுக்கு ஒரு யோசனை

ஆசிரியருக்கு வணக்கம்.

டாங்கி விளையாட்டுகளில் எந்தெந்த இந்திய வண்டிகள் வரலாம் என்ற பேச்சு வந்தாலே விஜயந்தா, அர்ஜுன் என்று முடிந்துவிடுகிறது. டாங்கிகளை அழிக்கவே உள்ள டாங்க் டிஸ்ட்ராயர் வரிசைக்கு யாரும் பெயர் சொல்வதில்லை. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம் கரண் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை அடித்த ஜீப் இருக்கிறதே! ஹவில்தார் அப்துல் ஹமீது 106 மி.மீ. ஆர்.சி.எல். (உதைப்பில்லா) பீரங்கியோடு போரிட்டு உயிர்நீத்தது அதில்தான்.

பெயர்தான் 106, உள்விட்டம் 105. பழைய 105 மி.மீ. ஆர்.சி.எல். குண்டோடு கலந்துவிடக் கூடாதென்று எண்ணை மாற்றினார்கள். பீரங்கியின் எடை சுமார் 210 கிலோ. வெடிவாயுவில் ஒரு பங்கு பின்பக்கம் போய்விடுவதால் உதைப்பு இல்லை, ஜீப் தாங்குகிறது. எனவே சுட்டதும் வண்டி குலுங்கிப் பின்வாங்குகிற அனிமேஷன் தப்பு. பறக்க வேண்டியது பின்னாலுள்ள மண். பின்னால் 30 மீட்டருக்குள் சொந்த அணி வண்டி நின்றால் அதற்கும் சேதம் போட வேண்டும்.

குறிபார்ப்பதுதான் இதில் அழகு. குழாயின் மேல் 12.7 மி.மீ. துப்பாக்கி ஒன்று பொருத்தியிருக்கும். குழாயை ஏற்றி இறக்கும் சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழை இழுத்தால் அது சுடும். பட்ட இடத்தில் புகை கிளம்பும். டாங்கி மேல் புகை தெரிந்தால், சக்கரத்தை அசைக்காமல் அதே குமிழை அழுத்த வேண்டும், பீரங்கி வெடிக்கும். இரண்டின் பாதையும் ஏறக்குறைய ஒன்றாக அமைத்திருப்பதால்தான் இது நடக்கிறது. மவுஸின் இரண்டு பட்டனுக்கென்றே செய்ததுபோல் இல்லையா? ஆனால் அந்தத் துப்பாக்கிக் குண்டு போகும் வழியில் விடும் ஒளிக்கோடு எதிரிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

பீரங்கிக் குண்டு உறையோடு சுமார் 17 கிலோ, வேகம் நொடிக்கு 500 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் போக இரண்டு நொடிக்கு மேல் ஆகும். ஓடும் டாங்கி தப்பிவிடும். துளைப்பு சுமார் 400 மி.மீ. பேட்டனின் முன்கவசம் 110 மி.மீ., 60 பாகைச் சாய்வில் 220 ஆகிறது; அதுவும் தாங்காது. துளைப்பைக் குறைத்துச் சமன் செய்தால் வரலாறு கெடும். ஆறு குண்டுகள், பத்து நொடி மறுநிரப்பல், ஓடும்போது நிரப்பத் தடை போதும். கவசமே இல்லை, சாதாரண இயந்திரத் துப்பாக்கியே ஆளைக் காலி செய்துவிடும்.

வரைபடத்துக்கு அந்தச் சண்டை நடந்த அசல் உத்தர் கிராமம். நீர் பாய்ச்சிய வயலில் பேட்டன் சிக்க வேண்டும். கரும்புக்குள் ஜீப் ஒளிய வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கம் முற்றிய கரும்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே நின்றால் நமக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. விளையாட்டுகளில் புதருக்குள்ளிருந்து கண்ணாடிபோல் பார்க்க விடுகிறார்கள், அது வேண்டாம். வயல் ஓரத்துக்கு வந்துதான் சுட முடிய வேண்டும். சுட்டதும் பின்னாலுள்ள கரும்பு சாய்ந்து புழுதி எழும். அதே இடத்தில் இரண்டாவது குண்டு போட நினைப்பவர் திரும்பி வர மாட்டார்.

பின்னாளில் வந்த ராணுவ வண்டி ஜோங்காவை அடுத்த கட்ட மேம்பாடாக வைக்கலாம், ஆனால் 1965 வரைபடத்தில் அதை இறக்க வேண்டாம்.

வாசகர்,
கடலூர் முதுநகர்