சி-க்கு எவ்வளவு விடுவது

அன்புள்ள மகளுக்கு,

புது லேப்டாப்பில் சி டிரைவ் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாகப் பிரிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பிரி கண்ணு. வேலை கால் மணி நேரம்தான். ஆனால் சி-க்கு எவ்வளவு விடுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள். பிறகு சி-க்கு இடம் போதவில்லையென்று, புதிதாகப் பிரித்த டி டிரைவைச் சுருக்கினால் அதன் வால் பக்கம்தான் இடம் காலியாகும். சி-யோ தன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். அப்போது டி-யில் உள்ளதையெல்லாம் வேறெங்கோ மாற்றிவிட்டு, அதையே அழிக்க வேண்டிவரும்.

1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்காதே. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக. சி-க்கு 350 ஜிபி விடு. 100 போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அப்டேட், மென்பொருள், தற்காலிகக் கோப்பு எல்லாம் அங்கேதான் சேரும்.

தொடங்குமுன் முக்கியமானதையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடு. தவறான டிஸ்கைத் தொட்டுவிடும் அபாயமும் அதோடு போகும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்க உதவும் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வை. கோளாறு வந்து அந்த எண் இல்லையென்றால் டிஸ்கைத் திறக்கவே முடியாது. சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திற. இஎஃப்ஐ, ரெகவரி என்று சின்னச் சின்னப் பகுதிகள் தெரியும். அவற்றைத் தொடவே தொடாதே, விண்டோஸைத் தொடங்கிவைப்பதே இஎஃப்ஐதான், அது போனால் விண்டோஸ் எழும்பாது. சி-யில் ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம். அங்கே கேட்பது எம்பி கணக்கு, அதுவும் சி-யிலிருந்து குறைக்க வேண்டிய அளவு. மிச்சம் வைப்பதை அல்ல. 580 ஜிபி எடுக்க 593920 என்று போடு.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். 800 ஜிபி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டலாம். நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேஷன் (ஆழ்ந்த உறக்கம்), பேஜ் ஃபைல் (மெமரிக்குத் துணையான கோப்பு), சிஸ்டம் ரெஸ்டோர் (பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பார். ரெஸ்டோரை நிறுத்தினால் பழைய ரெஸ்டோர் பாயிண்டுகள் போய்விடும், புது மெஷின்தானே, பரவாயில்லை. அப்படியும் நகரவில்லையென்றால் விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணைத் தேடு. தடுக்கும் கோப்பின் பெயர் அங்கே இருக்கும். சுருக்கி முடித்ததும் மூன்றையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்.

காலியான இடம் கறுப்புப் பட்டையோடு தெரியும். அதில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம், டிரைவ் எழுத்து டி, ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட். டைனமிக் டிஸ்காக மாற்றவா என்று எங்காவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் இடத்தை டி-க்கு மாற்றும்போது முதலில் அங்கே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டு. வெறும் டி-யைக் காட்டினால் முழு டிரைவுமே டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், திருப்புவது பெரும்பாடு. டி-யில் வைத்தது பத்திரம் என்றும் இருந்துவிடாதே. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளி டிஸ்கில் மாதம் ஒருமுறையாவது நகல் எடு.

ஷ்ரிங்க் அழுத்துவதற்கு முன் திரையைப் படம் எடுத்து அனுப்பு, ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா