குறுந்தகடாக நடிக்கும் ஒய்ஃபை அடாப்டர்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பியிருந்த திரைப்பிடிப்புகளும் கிடைத்தன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், நன்றாக இயங்கும் மடிக்கணினியைத் தூக்கி எறிய மனமில்லாமல் நீ பல ஆண்டுகளுக்குப் பிறகு லினக்ஸ் பக்கம் திரும்பியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திரும்பியதும் ஒய்ஃபையில் மாட்டிக்கொண்டிருப்பதில் மட்டும் எனக்கு வியப்பில்லை. இங்கே வீட்டில் அனைவரும் நலம். மகன் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டான். அவனுடைய அறையில் இப்போது என் பழைய கணினிகள் குடியிருக்கின்றன. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன், முதலில் உன் அடாப்டரைப் பார்ப்போம்.

விண்டோஸ் உள்ள உன் மைத்துனர் கணினியில் உடனே வேலை செய்த யூஎஸ்பி அடாப்டர் உன்னுடைய லினக்ஸ் மிண்ட் 21இல் அசையவே இல்லை என்றும், இணையத்தில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்த்துவிட்டாய் என்றும், இனி வேறொரு லினக்ஸை நிறுவிப் பார்க்கப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. நீ அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை டிரைவரை, அதாவது சாதனத்தைக் கணினியோடு பேச வைக்கும் நிரலை, மூல நிரலிலிருந்து தொகுக்கும்போது வந்த பிழைகள். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். செருகியுள்ள யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் விடையைக் காட்டும் ஒரு படத்தில் தேவையானது முழுவதும் இருக்கிறது.

ஒவ்வொரு யூஎஸ்பி சாதனமும் தன்னுள் இரண்டு எண்களைச் சுமந்திருக்கிறது. முதல் எண் தயாரிப்பாளரைக் குறிக்கும், இரண்டாவது எண் பொருளைக் குறிக்கும், இரண்டுமே பதினாறடிமான முறையில் (0 முதல் 9 வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும்) எழுதப்படும் நான்கு இலக்கங்கள். எந்த டிரைவரை எழுப்புவது என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முடிவு செய்வது பெரும்பாலும் இந்த எண்களை வைத்துத்தான். அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாதிரியை எடுத்துக்கொள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏத்தரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 சில்லு, இரண்டாம் பதிப்பிலிருந்து இருப்பது ரியல்டெக் சில்லு. பெயர் ஒன்றே, உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. ஆகவே மாதிரியின் பெயரைத் தேடி, யாரோ வெற்றி பெற்ற கதையைப் படித்து, அதே கட்டளைகளை இடுகிறவர் வேறொரு சில்லுக்கான மருந்தைத் தன் சில்லுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். நீ தொகுக்க முயன்ற டிரைவரும் அப்படித்தான் உன்னிடம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் படத்தில் உள்ள எண் 0பிடிஏ:1ஏ2பி. முற்பாதி ரியல்டெக்கைக் குறிக்கிறது. பிற்பாதிதான் வேடிக்கையானது, ஏனென்றால் அது ஒய்ஃபை சாதனத்தின் எண்ணே அல்ல, ஒரு குறுந்தகட்டு இயக்கியின் எண். இன்றைய மடிக்கணினிகளில் குறுந்தகடு போடும் தட்டு இல்லை. ஒய்ஃபையே இல்லாத கணினியில் டிரைவரை இணையத்திலிருந்து இறக்கவும் முடியாது. அதனால் விண்டோஸுக்கான டிரைவரை அடாப்டருக்குள்ளேயே ஒரு சிறு நினைவகத்தில் வைத்து, செருகியவுடன் அது குறுந்தகடு போலத் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். விண்டோஸில் அந்த டிரைவர் நிறுவப்பட்டதும், தகட்டை வெளியேற்றும் ஆணை அடாப்டருக்குப் போகிறது. அது வேடத்தைக் கலைத்துவிட்டு, வேறோர் எண்ணோடு ஒய்ஃபை சாதனமாக மறுபடி தோன்றுகிறது. லினக்ஸில் அந்த ஆணையை யாரும் இடாத வரையில் அது தகடாகவே இருக்கும். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு சிறிய டி என்ற தெரிவைச் சேர்த்து இட்டால், உன் அடாப்டரை யூஎஸ்பி சேமிப்பக டிரைவர் பிடித்து வைத்திருப்பதை நீயே காணலாம். உன் கணினியிலும் பழுதில்லை, அடாப்டரிலும் பழுதில்லை.

செய்ய வேண்டியது எளிது. கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் அந்தத் தகடு தெரியும். அதை வலச்சொடுக்கி வெளியேற்று. சில நொடிகள் பொறுத்து எல்எஸ்யூஎஸ்பியை மீண்டும் இட்டால், எண் 0பிடிஏ:சி811 என்று மாறியிருக்க வேண்டும். அப்படி மாறினால் உன்னிடம் உள்ளது ஆர்டிஎல்8811சியூ சில்லு என்று உறுதியாகிவிடும். ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் அது மறுபடி தகடாகத்தான் விழிக்கும் என்பதால், யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பை நிறுவிக்கொள்வது நல்லது. வெளியேற்றும் ஆணையைத் தானாகவே இடுவதற்கென்று எழுதப்பட்ட கருவி அது. உன் எண் அதன் பட்டியலில் இல்லாவிட்டால், அந்த எண்ணைக் கண்டதும் கருவியை ஓட்டும்படி, சாதனம் செருகப்படுவதைக் கவனிக்கும் யூடெவ் என்ற பகுதிக்கு விதி ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம், ஒரே வரிதான்.

ஆனால் எண் மாறியதும் ஒய்ஃபை வந்துவிடும் என்று எதிர்பார்க்காதே, இரண்டாவது தடை ஒன்று இருக்கிறது. மிண்ட் 21 உபுண்டு 22.04இன் மேல் கட்டப்பட்டது, அது நிறுவும் கெர்னல் 5.15. ரியல்டெக்கின் இந்தக் குடும்பத்து யூஎஸ்பி சில்லுகளுக்கான ஆதரவு, ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவரின் வழியாக, 2023 பிப்ரவரியில் வெளியான 6.2இல்தான் கெர்னலுக்குள் வந்தது. ஆகவே உன் கெர்னல் அந்தப் புதிய எண்ணைப் படிக்கும், ஆனால் அதற்கு உரிய டிரைவர் தன்னிடம் இல்லாததால் பேசாமல் இருந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் டிகேஎம்எஸ் வழியைச் சொல்வார்கள்: கெர்னலுக்கு வெளியே யாரோ பராமரிக்கும் டிரைவரின் மூல நிரலை இறக்கி, உன் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் வழி அது. வேறு கதியே இல்லாத சில்லுகளுக்கு அது தேவைதான், அதைப் பராமரிப்பவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அவை அப்படியே இருக்கும் என்று கெர்னலை எழுதுகிறவர்கள் ஒருபோதும் வாக்களித்ததில்லை. இன்று தொகுபடும் நிரல் அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் தொகுபடாமல் போகலாம், அன்று காலையில் உனக்கு ஒய்ஃபை இருக்காது. இதோடு, கையொப்பமில்லாத நிரலைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், நீ தொகுத்த டிரைவருக்கு நீயே சாவி உருவாக்கிக் கையொப்பமிட்டு, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ள வேண்டும். மிண்ட் போன்ற லினக்ஸ் வழங்கலின் கெர்னலோடு வரும் டிரைவர் ஏற்கெனவே கையொப்பமிடப்பட்டது, இந்தத் தொல்லை எதுவும் அதற்கு இல்லை.

எனவே என் யோசனை, டிரைவரை விட்டுவிட்டுக் கெர்னலை மாற்று என்பதுதான். மிண்டின் புதுப்பிப்பு மேலாளரில் பார்வை என்ற பட்டிக்குள் லினக்ஸ் கெர்னல்கள் என்ற பகுதி இருக்கிறது, அங்கே 6.8 வரிசையைத் தேர்ந்தெடுத்து நிறுவு. பழைய கெர்னலும் கணினியில் அப்படியே இருக்கும், ஒத்துவராவிட்டால் தொடக்கப் பட்டியிலிருந்து அதற்கே திரும்பிவிடலாம். ஒய்ஃபையே இல்லாமல் இதை எப்படி இறக்குவது என்று நீ கேட்பாய். உன் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில், கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கு. கணினி அதைக் கம்பி வழி வலையமைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஃபர்ம்வேர். சில்லுக்குள் ஏற்றப்பட வேண்டிய அந்தச் சிறு நிரல், லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்போடு உன் கணினிக்கு ஏற்கெனவே வந்திருக்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் விடையில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்றும் பிழை எண் கழித்தல் 2 என்றும் வந்தால், கோப்பு இல்லை என்று பொருள். கழித்தல் 71 அல்லது கழித்தல் 110 வந்தால் மென்பொருளைத் தொடாதே, வேறொரு துளையில் செருகிப் பார். அடாப்டரோடு நடக்கும் உரையாடலே அறுபடுகிறது என்பதன் அடையாளம் அவை.

மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேரை ஏற்றுவது சுதந்திர மென்பொருளுக்குச் செய்யும் துரோகம் என்று நீ முன்பு சண்டை பிடிப்பாய். நீ லினக்ஸ் பக்கம் இல்லாத காலத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தன் நிலையை மாற்றிக்கொண்டது தெரியுமா? 2022இல் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், இத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அதைச் சரியென்றே நான் கருதுகிறேன். ஃபர்ம்வேர் இல்லாத நிறுவல் வட்டு கொள்கையைக் காப்பாற்றியது, ஆனால் புதிதாக வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. உனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், நான் மேலே சொன்ன ஏஆர்9271 சில்லைத் தேடிப் பிடி. அதன் ஃபர்ம்வேரின் மூல நிரலே வெளியாகியிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், அதிகபட்சம் நொடிக்கு 150 மெகாபிட்தான் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் டிரைவரையே என்டிஸ்ராப்பரின் உதவியால் லினக்ஸுக்குள் ஓட்டிய நாம் இதைப் பொறுக்க மாட்டோமா?

இணைப்பு கிடைத்த பிறகு வேகத்தைப் பற்றிக் குறை சொல்வாய் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். இத்தகைய அடாப்டர்களின் பெட்டியில் காணும் 600 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 150ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 433ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது, எனவே திசைவி (ரவுட்டர்) அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணை. மேலும், யூஎஸ்பி 3.0 துளைகளும் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் 2012இலேயே ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது; அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டித் தள்ளி வைப்பதே அதற்கு மலிவான தீர்வு. இணைப்பு அவ்வப்போது அறுந்தால், லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பில் ஒய்ஃபை மின்சேமிப்பின் மதிப்பை 3இலிருந்து 2ஆக மாற்று. 2 என்றால் மின்சேமிப்பு வேண்டாம் என்று பொருள்.

மடிக்கணினியின் உள்ளேயே இருக்கும் ஒய்ஃபை அட்டை ஏன் வேலை செய்யவில்லை என்றும் கேட்டிருந்தாய். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பழைய பிராட்காம் சில்லாக இருக்கலாம். அந்த நிறுவனம் 2010 செப்டம்பரில் தன் புதிய சில்லுகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது, ஆனால் அதற்கு முந்தைய சில்லுகளுக்குப் பிறர் தலைகீழாக ஆராய்ந்து எழுதிய பி43 டிரைவர் அல்லது நிறுவனத்தின் மூடிய டிரைவர்தான் வழி. சில்லுக்குச் சில்லு மருந்து வேறு என்பதால் ஊகத்தில் எதையும் சொல்ல விரும்பவில்லை. உள்ளிருக்கும் அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என் தெரிவோடு இட்டு, வலையமைப்பு என்று வரும் வரியை அப்படியே எழுதி அனுப்பு. ஒய்ஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையின் விடையையும் சேர்த்து அனுப்பு. பக்கவாட்டுப் பொத்தானால் அட்டை பூட்டப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். உன் அடாப்டர் வேடம் கலைத்ததா என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்