எந்த அம்பு தவறு என்று சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆய்விதழ் ஆசிரியர் குழுவினருக்கு, வணக்கம்.

எங்கள் கட்டுரை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. முன்கதை உங்களுக்குத் தெரியும். மதிப்பாய்வாளர் இந்த முறையும் அதே இரண்டைத்தான் கேட்கிறார்: எது எதற்குக் காரணம் என்று அம்புகளால் காட்டும் காரண வரைபடத்தை எடுத்துவிடுங்கள், குழந்தையின் பிறப்பு எடையையும் புள்ளியியல் மாடலில் சேர்த்து அட்ஜஸ்ட் செய்யுங்கள், அதாவது எடை ஒத்த குழந்தைகளையே ஒப்பிடுங்கள்.

கர்ப்பகாலத்தில் தாய் புகைப்பது சிசு இறப்பைக் கூட்டுகிறதா என்பது எங்கள் கேள்வி. வரைபடத்தில் புகையிலிருந்து எடைக்கு ஓர் அம்பு, எடையிலிருந்து இறப்புக்கு ஓர் அம்பு. பிறவிக் குறைபாடு போல எங்கள் தரவில் இல்லாத காரணங்களிலிருந்தும் எடைக்கும் இறப்புக்கும் அம்புகள் போகின்றன. எடையை அட்ஜஸ்ட் செய்தால் புகை தீங்கு செய்யும் ஒரு வழியையே அடைத்துவிடுகிறோம். அதோடு நிற்பதில்லை. தாய் புகைக்காமலே எடை குறைந்த குழந்தைக்கு அந்தக் குறைவு வேறு ஏதோ காரணத்தால் வந்திருக்க வேண்டும்; அது பெரும்பாலும் புகையைவிடக் கொடியது. அந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் புகைத்தவரின் குழந்தை தப்பித்தது போலத் தெரியும். 1971இல் ஆய்வாளர் யெருஷல்மி காட்டிய புதிர் இதுதான். 2006இல் ஹெர்னாண்டஸ்-டியாஸும் சக ஆய்வாளர்களும் இதே அம்புகளை வைத்துத்தான் அதை விளக்கினார்கள்.

எங்கள் குழுவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவி மதிப்பாய்வாளர் கேட்டபடியே எடையைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தார். தீங்கு சுருங்கியது. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்தபோது, புகை உயிரைக் காப்பது போல எண் வந்தது. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவரால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். இருந்தும், "கர்ப்பிணி ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?" என்று கேட்டுவிட்டு அந்த அட்டவணையை எழுத மறுத்துவிட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

வரைபடம் வெறும் கருத்து என்கிறார் மதிப்பாய்வாளர். வரைபடம் போடாத மாடலிலும் அதே கருத்து இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எந்த மாறி எதற்கு முன்னால் வருகிறது என்பதை, மாறிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் ரிக்ரஷன் மட்டும் சொல்லாது. கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் 1995இலேயே காரண வரைபடங்களை முறையாக எழுதிவிட்டார். 1999இல் கிரீன்லாந்தும் ராபின்ஸும் அவரோடு சேர்ந்து நோய்ப்பரவலியலுக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் கிடைத்த மாறிகளை எல்லாம் மாடலில் போடுவதுதான் கவனமான ஆய்வு என்று நம்புகிறோம். மாடலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒரு காரணத்தின் விளைவாக வாசிக்கிறோம். முடிவு தற்செயலா என்று எடைபோட உதவும் பி-மதிப்பைத் தேடிக் களைத்துப்போகும் மாணவர்களுக்கு யோசிக்க நேரம் எங்கே?

கோபம் மிஞ்சிவிட்டது, மன்னியுங்கள்.

எங்கள் வரைபடத்தில் பிழை இருக்கலாம். விடுபட்ட அம்பு இருந்தால் காட்டுங்கள், நன்றியோடு ஏற்போம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரு மாறியைச் சேர்க்கச் சொல்பவர், அது வரைபடத்தில் எங்கே நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும். வரைபடமும் இணைப்பில் ஒளியாமல் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அடுத்த சுற்றுக்கு அனுப்பும்போது, எந்த அம்பை மறுக்கிறார் என்று எழுதும்படி மதிப்பாய்வாளரை அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்வது சரியென்றால் அன்றே திருத்தி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கட்டுரையாளர்களில் ஒருவர்