அணைவுச் சேர்மப் பாடத்துக்கு இன்னும் ஒரு பக்கம் வேண்டும்

மேல்நிலை வேதியியல் பாடநூல் எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துபவன் நான். உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்திருப்பவைதான் அணைவுச் சேர்மங்கள். அவற்றில் இணையாகாத எலக்ட்ரான்களை எண்ணி, சூத்திரத்தில் இட்டு, காந்தத் திருப்புத்திறன் (காந்தத்தன்மையின் வலிமை) கண்டுபிடிக்க மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தக் கணக்கில் எப்போதும் ஒரே ஓர் உலோக அயனிதான். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் என்ன ஆகும்?

காப்பர் அசிட்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காப்பர் அயனிக்கும் இணையாகாத எலக்ட்ரான் ஒன்று, அதனால் 1.73 போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு) வர வேண்டும். அறை வெப்பநிலையில் அளந்தால் சுமார் 1.4தான் வருகிறது. குளிரக் குளிர அதுவும் கரைந்து பூஜ்யத்தை நெருங்குகிறது. காப்பர்கள் ஜோடியாக இருக்கின்றன, அவற்றின் எலக்ட்ரான்கள் எதிரெதிராகத் திரும்பிக்கொள்கின்றன என்று 1952-இல் பிளீனி, பவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அடுத்த ஆண்டே எக்ஸ் கதிர் ஆய்வு அந்த ஜோடியைக் காட்டியது. நடுவே நான்கு அசிட்டேட் பாலங்கள்! காந்த அளவீட்டை வைத்தே காப்பர்கள் ஜோடியாக இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் படிகங்களின் காந்தத்தன்மையை அளந்து பேர் பெற்றவர் என்பதையும் அங்கேயே ஒரு வரி சேர்க்கலாம்.

அப்புறம் பிரஷ்யன் நீலம். இரும்பைக் கண்டறியும் சோதனையில் மாணவர்கள் பார்க்கிற அதே நிறம்தான். இரும்புகளுக்கு நடுவே சயனைடு பாலமாக நிற்கிறது. இது காந்தமாவது 5.6 கெல்வினுக்குக் கீழேதான். உலோகங்களை மாற்றினால்? அணைவுச் சேர்மத்தில் உலோகத்தின் டி ஆர்பிட்டால்கள் ஈஜி, டி2ஜி என்று இரு தொகுதிகளாகப் பிரியும். நிக்கலின் இணையாகாத எலக்ட்ரான்கள் ஈஜி ஆர்பிட்டால்களில், குரோமியத்தின் இணையாகாத எலக்ட்ரான்கள் டி2ஜியில். இரண்டும் மேற்பொருந்தாது, ஆகவே எலக்ட்ரான்கள் ஒரே திசையில் நிற்கும். சீசியம் சேர்ந்த அந்தச் சேர்மம் 90 கெல்வின் வரை காந்தம். வெனேடியமும் குரோமியமும் என்றால் இரண்டிலும் டி2ஜி. சயனைடு வழியே வலுவாக மேற்பொருந்தி எதிரெதிராகத் திரும்பும், ஆனால் முழுதாக ஈடாகாமல் மிச்சம் நிற்கும். 1995-இல் வேதியியலாளர் வெர்டகேர் குழுவினர் பாரிஸில் செய்த இந்தக் காந்தம் 315 கெல்வின், அதாவது 42 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது.

டி2ஜி, ஈஜி இரண்டும் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எந்த இரு உலோகங்களைச் சேர்த்தால் எலக்ட்ரான்கள் எப்படி நிற்கும் என்று அவர்களே தாளில் எழுதிப் பார்க்க முடியும். அதற்கு ஒரு பக்கமும் இரண்டு பயிற்சிக் கேள்விகளும் போதும். அடுத்த பதிப்பில் இடம் கொடுங்கள். கேள்விகளை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்