இரண்டு மாஸ்டர்கள்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், கோயமுத்தூர் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.

நம்ம சாயப்பட்டறையில் கலர் பிடிக்கிற மாஸ்டர் வேலையை விட்டு நின்றுவிட்டார். கண்ணில் புரை. "நேவியும் கருப்பும் எனக்கு ஒண்ணாத் தெரியுது சாமி, இனி நான் லாட்டைப் பாஸ் பண்ணக் கூடாது" என்று, சாயம் ஏறின துணியின் கலரைச் சரிபார்க்கிற லைட் பாக்ஸ் முன்னால் நின்று அவரே சொன்னார். அந்த மனசு யாருக்கு வரும்! அவர் இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறேன். கடைசியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். "கெட்டிக்காரனை எடுடா, வேறென்ன யோசனை" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, முழுசாகப் படி.

முதல் ஆள் கில்லாடி, அதில் சந்தேகமே இல்லை. டர்க்காய்ஸ் ஷேடு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்தில் பெரும்பாலானது 60 டிகிரியில் ஏறும். இது 80 கேட்கும், நூலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு லாட் துணிக்கும் அடுத்த லாட்டுக்கும் கலர் மாறித் தொலைக்கும். அவர் சாம்பிளை ஜன்னல் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து குட்டி டைரியை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புரட்டினார். லேப் டிப் என்று துண்டுத் துணியில் சாயம் போட்டுப் பார்ப்போமே, அதில் முதல் டிப்பிலேயே ஷேடு உட்கார்ந்தது. லேப் பெண் ரெசிபி கேட்டாள். "அது உனக்கு எதுக்கும்மா?" டைரி பைக்குள் போய்விட்டது.

டைரி அவர் சொத்து, உழைத்துச் சேர்த்தது என்பாய். ஒத்துக்கொள்கிறேன். ரெசிபியை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடும் முதலாளிகள் நம்ம தொழிலில் உண்டு. மறைத்து வைக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் 2011 ஜனவரியில் ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு அப்புறம், இது ஒரு ஆள் தொழிலாக இல்லை மாப்ளே. சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது. சுத்தம் பண்ணிய அதே தண்ணீரும் அதே உப்புக் கரைசலும் திரும்ப மெஷினுக்கு வருகின்றன. அந்தக் கரைசலில் பழைய சோடாவின் காரம் மிஞ்சியிருந்தால், சாயம் பிடிக்க நாம் சோடா விடுவதற்கு முன்பே சாயம் துணியைப் பிடித்துத் திட்டுத்திட்டாக விழுந்துவிடும். அப்புறம் அந்தச் சாயத்தை உரித்தெடுத்து, மறுபடி சாயம் ஏற்றி, மறுபடி தண்ணீர், மறுபடி ஸ்டீம், மறுபடி கழிவு. இன்றைய கரைசல் எப்படி என்பது சுத்திகரிப்பு பிளாண்ட்டில் இருக்கிற பையனுக்குத்தான் தெரியும். ஸ்டீம் இறங்குவது பாய்லர்காரருக்குத்தான் முதலில் தெரியும். கில்லாடியிடம் "தண்ணி ரிப்போர்ட் பார்க்கறீங்களா?" என்றேன். "தண்ணி உங்க பொறுப்பு, கலர் என் பொறுப்பு" என்றார். எனக்கு மனசு விட்டுப்போச்சு.

இரண்டாவது ஆள் அந்த டர்க்காய்ஸை மூன்றாவது டிப்பில்தான் பிடித்தார். ஆனால் வந்ததும் கேட்டது, "எந்தத் தண்ணியில டிப் போடறீங்க?" லேப்பில் நல்ல தண்ணீரும் மெஷினில் ரெகவரி தண்ணீரும் என்றால் ஷேடு எப்படிச் சேரும்? தவறிய இரண்டு டிப்பும் ஏன் தவறின என்று கார்டில் எழுதி லேப் பெண்ணிடமே கொடுத்தார். ராத்திரி ஷிஃப்ட் ஒடிசாப் பையனிடம் அரைகுறை இந்தியில் சோடாவை எப்படி விடுகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டார்.

"நல்லவனை வைத்து என்ன பண்ண, ஷேடு தப்பினால் பையர் துணியைத் திருப்பி அடிப்பான்" என்று நீ கத்துவது கேட்கிறது. அதனால்தான் கலர் தெரியாதவர்களை முதலிலேயே அனுப்பிவிட்டேன், எவ்வளவு தங்கமானவர்களாக இருந்தாலும். இவருக்குக் கலர் தெரியும்; இரண்டு டிப் தூரம் பழக்கத்தில் குறையும். ராத்திரி இரண்டு மணிக்கு 600 கிலோ லாட் ஓடும்போது மாஸ்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மெஷின் பக்கத்தில் அந்தக் கார்டும் அந்தப் பையனும்தான்.  

இவரைத்தான் எடுக்கிறேன். ஒரு காரியம் பாக்கி. ரெசிபியை எழுதி வைக்கிறவர் நாளைக்கு வேலை போகுமோ என்று பயப்படக் கூடாது. மூன்று வருஷத்துக்கு ஆளை மாற்ற மாட்டேன் என்று எழுத்தில் தரப்போகிறேன். நம்ம கணக்குப்பிள்ளை முறைக்கிறார். உன் ஃபவுண்டரியில் மோல்டர்களுக்கு இதேபோல ஒரு பேப்பர் போட்டுக் கொடுத்தாயே, அதில் ஒரு நகல் அனுப்பு. திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்