அந்தக் கரண்டிப் படத்தை எடுத்துவிடுங்கள்

காளானைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகளை உருவாக்கி நடத்துபவர்களுக்கு,

வணக்கம்.

இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்" என்று இரண்டுக்கும் ஒரே பதில், ஒரு நிமிடத்துக்குள் வந்தது. குழு இன்னும் தொடர்புகொண்டபாடில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன். நடந்தது முழுவதும் அந்த மின்னஞ்சல்களில் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்திருந்தேன். விரிந்த வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், காம்பில் வளையம். "பாரசோல் காளான், 94 விழுக்காடு பொருத்தம்" என்றது உங்கள் செயலி. பக்கத்திலேயே பச்சை வட்டத்துக்குள் ஒரு முள்கரண்டியும் கத்தியும். என் தம்பி சமைத்துச் சாப்பிட்டுவிட்டான்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கரண்டிப் படத்தை எடுத்துவிடுங்கள்.

அது உண்ணத்தக்க பாரசோல் இல்லை. அதைப்போலவே இருக்கும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். குடைக்கு அடியில் மெல்லிய தகடுகளாக இருக்கும் செவுள்கள் முதலில் இரண்டிலுமே வெள்ளைதான். நன்றாக முற்றிய பிறகுதான் இதில் பச்சை ஏறும். அதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. விரிந்த குடையைக் காம்பிலிருந்து வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிட வேண்டும். காலையில் தாளில் வித்துத்தூள் படிந்திருக்கும். பாரசோல் என்றால் வெள்ளை, இது என்றால் பச்சை. மறுவாரம் அதே இடத்தில் நின்ற இன்னொன்றைப் பறித்து வந்து செய்து பார்த்தேன். பாசி பிடித்த மாதிரி பச்சை. இதற்கு ஓர் இரவு பிடிக்கிறது. உங்களுக்கு இரண்டு நொடி போதுமாக இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது என்று. இரண்டு மணி நேரம் என்றோம். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. டெத் கேப் போன்ற, அமானிட்டா இனத்தைச் சேர்ந்த கொல்லும் காளான்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வாந்தியும் பேதியும் ஒரு நாள் படுத்திவிட்டு நின்றுபோகும், ஆள் எழுந்து உட்காருவார். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

அடுத்து அவர் கேட்டார்: "ஒரே வகைதான் சாப்பிட்டாரா?"

இல்லை. கூடையில் வேறொரு வெள்ளைக் காளானும் இருந்தது. அதற்கும் நீங்கள் பச்சை வட்டம் போட்டிருந்தீர்கள். இரண்டு வகை சேர்ந்து உள்ளே போயிருந்தால் அந்த இரண்டு மணி நேரக் கணக்கை நம்ப முடியாது. முதலாவது உடனே வாந்தியைக் கிளப்பிவிட, இரண்டாவது சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்க்கலாம். அது என்ன காளான் என்று டாக்டர் கேட்டபோது எங்களிடம் இருந்தது மேலிருந்து எடுத்த ஒரு போட்டோ. தொப்பி மட்டும் தெரிகிறது. அமானிட்டாவைக் காட்டிக்கொடுக்கும் அடிப்பை, அதாவது காம்படியைச் சுற்றிய பை போன்ற உறை, காம்பின் கீழே, பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். தம்பி காம்பை ஒடித்துத்தான் பறித்திருந்தான். அடியோடு தோண்டி எடுக்க வேண்டும் என்று உங்கள் செயலி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சமும் இல்லை, பாத்திரம் கழுவியாயிற்று.

மூன்று நாள். காலையிலும் மாலையிலும் இரத்தம் எடுத்துக் கல்லீரல் எண்களைப் பார்த்தார்கள். தம்பி மறுநாளே தெளிந்துவிட்டான். பசிக்கிறது என்றான், நர்ஸிடம் கிண்டலடித்தான். அவன் நன்றாக இருப்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. இது தேறியதா, தேறியதுபோல் தெரிவதா? அந்த ஒரு போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் இரவு அவன் போனில் உங்கள் அறிவிப்பு வந்தது. "சென்ற தேடல் உதவியாக இருந்ததா? ஐந்து நட்சத்திரம் தாருங்கள்."

அந்தச் செயலியை அவன் போனில் ஏற்றிக்கொடுத்தவன் நான்.

எண்கள் ஏறவில்லை. பிழைத்தான். அந்த இரண்டாவது காளான் எது என்று இன்றுவரை தெரியாது.

விதிமுறைப் பக்கத்தில் "இதை நம்பி எதையும் உண்ண வேண்டாம்" என்று எழுதியிருக்கிறோமே என்பீர்கள். படித்தேன், தம்பி வீடு திரும்பிய பிறகு. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது காளான் தேடுவதைவிடக் கஷ்டம். சாப்பிடலாம் என்பதை எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி படம் போட்டுக் காட்டுகிறீர்கள். சாப்பிடாதே என்பதை மட்டும் வக்கீலுக்குப் புரியும்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்.

94 விழுக்காடு என்கிறீர்களே, அது எதில் 94? உங்கள் கையிருப்பில் உள்ள படங்களோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதானே? சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதற்கான கணக்கு இல்லையே? பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் போட்டால் படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியாதா?

காளானையே வாழ்க்கையாகக் கொண்டவர்களும் தவறியிருக்கிறார்கள். ஜெர்மனியின் பூஞ்சையியலாளர் யூலியஸ் ஷேஃபர் பாக்ஸிலஸ் இன்வொலூட்டஸ் என்ற காளானைச் சாப்பிட்டு 1944-இல் இறந்தார். அடையாளம் காண்பதில் அவர் பிசகவில்லை. அது உண்ணத்தக்கது என்றே அன்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இன்று அது நச்சுக் காளான். அப்படிப்பட்டவருக்கே வாய்க்காத உறுதி உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

செடிகளுக்கும் இதே கதை. காட்டுக் கேரட்டின் வெள்ளைப் பூங்கொத்தும், சாக்ரட்டீஸைக் கொன்ற ஹெம்லாக்கின் பூங்கொத்தும் போட்டோவில் அண்ணன் தம்பிதான். தண்டைப் பார்க்க வேண்டும். கேரட்டுக்கு ரோமம் இருக்கும், ஹெம்லாக் வழுவழுப்பாக ஊதாத் திட்டுகளோடு இருக்கும். பூவை மட்டும் படம் பிடித்தவரிடம் தண்டைக் காட்டு என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் நிம்மதி இல்லை. இயந்திரம் எழுதித் தள்ளிய காளான் கையேடுகள் விற்பனைக்கு வந்து, அவற்றை வாங்காதீர்கள் என்று 2023-இல் நியூயார்க் பூஞ்சையியல் சங்கம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஒரு காளானையும் தொட்டுப் பார்க்காத எழுத்தாளர், ஒரு காளானையும் முகர்ந்து பார்க்காத செயலி. நல்ல ஜோடி.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. புத்தகம் போடுபவர்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

உங்கள் செயலியை மூடச் சொல்லவில்லை. பெயர் சொல்லுங்கள், அது பெரிய உதவி. நானே பல செடிகளை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பெயருக்கு முன்னால், இதைப்போலவே இருக்கும் நச்சுக் காளான்கள் எவை என்று காட்டுங்கள். அடிச் செவுளையும் தோண்டியெடுத்த காம்படியையும் படமாகக் கேளுங்கள். தராவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்லுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால் பொறுத்துக்கொள்கிறேன்.

கரண்டிப் படத்தை எடுக்கக் காலம் பிடிக்காது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள் என்பதை மட்டும், ஒரு மனிதர் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயனர்களில் ஒருவன்