செடியின் மூச்சைக் கழிவு என்று எழுதியது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கீரைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'ஃபிளேவனாய்டுகள் செடிக்கு எந்த உபயோகமும் இல்லாத கழிவுகள். மனிதனுக்கோ அருமருந்து' என்று அதில் ஒரு வரி. ஃபிளேவனாய்டு என்பது செடிகள் தாமே செய்துகொள்ளும் ஒரு வகை வேதிப்பொருள். முருங்கைக்கீரை என்று தலைப்பிட்டு அகத்திக்கீரைப் படத்தைப் போட்டிருந்ததைக்கூட விட்டுவிடுகிறேன், உங்கள் இணைப்பில் அது வழக்கம்தான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியே ஓய்வு பெற்ற எனக்கு அந்த ஒரு வரியை மட்டும் விட மனம் வரவில்லை.

செடியும் மூச்சு விடுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த மூச்சுக்கு யுபிக்வினோன் வேண்டும். மருந்துக்கடையில் கோஎன்சைம் கியூ என்கிறார்களே, அதுதான். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருந்துகொண்டு, உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை ஒரு புரதத் தொகுதியிடம் வாங்கி அடுத்ததிடம் சேர்ப்பது அதன் வேலை. 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. ஒரு வளையம், அதோடு கொழுப்பில் கரையும் நீண்ட வால். வளையத்தை நம் உடம்பு டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்கிறது. செடியோ ஃபினைலலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து, கூமரேட் என்ற இடைப்பொருள் வழியாகச் செய்கிறது. ஆனால் அந்த வழியில் கிடைப்பது ஏறத்தாழப் பாதிதான். மீதி எங்கிருந்து வருகிறது என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது.

2018-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜில் பாஸே குழு அதற்கு விடை சொன்னது. வளையத்தில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனை அடையாளமாக வைத்த ஃபினைலலனினை, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கு ஊட்டித் தொடர்ந்து போனார்கள். பாதை ஃபிளேவனாய்டு பக்கம் திரும்பியது. அந்தப் பாதையில் மரபணு கெட்ட அராபிடாப்சிஸ், தக்காளிச் செடிகளில் யுபிக்வினோனை அளந்து, கேம்ப்ஃபெரால் என்ற ஃபிளேவனாய்டில் வந்து நின்றார்கள். குறைபட்ட செடிக்குக் கேம்ப்ஃபெராலை வெளியிலிருந்து கொடுத்தால் அளவு தேறியது. ஹீம் என்ற இரும்புத் தொகுதி கொண்ட பெராக்சிடேஸ் நொதிகள், கேம்ப்ஃபெராலில் உள்ள வளையங்களில் பி எனப்படுவதை வெட்டி எடுக்கின்றன. வெட்டிய துண்டு 4-ஹைட்ராக்சிபென்சோயேட் ஆகிறது. அதிலிருந்து யுபிக்வினோன் வளையம். கேம்ப்ஃபெராலோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், இந்த வெட்டு நடப்பதில்லை. அவ்வளவு கறாரான ஏற்பாடு. இதைத்தான் ஐயா உங்கள் கட்டுரையாளர் கழிவு என்கிறார்.

சரி, ஒரு வரிதானே என்று தோன்றலாம். இரண்டு வருடம் முன்பு 'புளியமரத்தடியில் ஏன் படுக்கக் கூடாது' என்ற கட்டுரையில் மரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கும் என்று போட்டீர்கள். பகலிலும் சுவாசிக்கின்றன, ஒளிச்சேர்க்கை நடப்பதால் அது வெளியே தெரிவதில்லை என்று எழுதி அனுப்பினேன். என் கடிதத்தில் 'கட்டுரை அருமை' என்ற மரியாதை வாக்கியத்தை மட்டும் அச்சிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை இன்றும் மறக்கவில்லை. அறிவியல் கேள்வி-பதிலுக்கு இருந்த அரைப் பக்கத்தையும் அப்புறம் வாஸ்துவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். வாசகர் விருப்பம் என்றீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்றால், அதையும் சொல்கிறேன். என் கணவர் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர். போன வாரம் எங்கள் தெரு மருந்துக்கடைக்குப் போனால், உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டி, கீழே கோ கியூ டென், அதாவது அதே யுபிக்வினோன், கேப்ஸ்யூலை அடுக்கி வைத்திருக்கிறார்கள். 'கீரை சாப்பிட நேரமில்லாதவங்களுக்கு இது மேடம்' என்று ஒரு டப்பாவை நீட்டினார் கடைப் பையன். ஸ்டேட்டின் மாத்திரை, யுபிக்வினோனின் வாலைச் செய்யும் வழியையும் சேர்த்தே தடுக்கிறது என்பது உண்மை. அதற்குக் கேப்ஸ்யூல் வேண்டுமா வேண்டாமா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. ஞாயிறு இணைப்பு சொல்ல வேண்டியதல்ல.

வளர்ப்புத் தட்டில் இருந்த மனித சிறுநீரகச் செல்களும் எலியின் செல்களும்கூடக் கேம்ப்ஃபெராலிலிருந்து இந்த வளையத்தை எடுத்துக்கொண்டன என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. கட்டுரையாளர் தேடியிருந்தால் தன் பக்கத்துக்கு அதையாவது சேர்த்திருக்கலாம். ஆனால் தட்டில் இருந்த செல் வேறு, கீரைக் கூட்டு சாப்பிட்ட மனிதர் வேறு. செடி தனக்காகச் செய்துகொள்வதெல்லாம் நம் நோய்க்காகவே விளைகிறது என்ற நினைப்புதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கேப்ஸ்யூல் விளம்பரம் வராத பக்கமாக இருந்தால் நல்லது. வாஸ்துவிடமிருந்து கால் பக்கத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்றும் பாருங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் 'வணக்கம்' என்பதை எடுத்துவிடுங்கள், கேம்ப்ஃபெராலை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தஞ்சாவூர்